கோடில்லாத இடத்தையும் வாசிப்போம்

தேசப்பட வாசிப்பு என்றால் எமது பாடசாலையில் பலருக்குப் பயம். எனக்கும் இருந்தது. பதினோராம் தரம் வரை அதை மனனம் செய்யும் பாடமாகவே படித்தேன். "சமவுயரக் கோடுகள் நெருங்கினால் குத்துச்சாய்வு, விலகினால் மென்சாய்வு" என்று எழுதிப் புள்ளி எடுத்தேன். அந்தப் படத்தில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் தேடவில்லை.

உயர்தரத்தில் புவியியலைத் தெரிவு செய்த பிறகு, எமது ஆசிரியை கல்முனைக் கரையோரத்தைக் காட்டும் 1:50,000 இடவிளக்கப்படத்தின் பிரதி ஒன்றைத் தந்தார். "பரீட்சைக்கு எந்த ஊர்ப் படமும் வரலாம். முதல்ல உங்கட ஊரை வாசிச்சுப் பழகுங்க" என்றார். அன்று அஸருக்குப் பிறகு அதை மண்டபத்தில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். தேநீர் கொண்டுவந்த உம்மாவும் பக்கத்தில் குந்தினார்.

உம்மா தேசப்படம் படித்தவர் அல்லர். ஆனாலும் என்னைவிட வேகமாக ஊரைக் கண்டுபிடித்தார். "இது பிரதான வீதி. இது பெரிய பள்ளி. அப்ப இந்த ஒழுங்கையால போனா..." என்று விரலைக் கடற்பக்கம் நகர்த்திக்கொண்டு போனார். கடலுக்கு மிக அருகில், இன்று இல்லாத ஒரு மெல்லிய பாதையில் விரல் நின்றது. "இஞ்சதான் மகள் எங்கட பழைய வீடு" என்றார்.

படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அது 2004ஆம் ஆண்டுக்கு முன்னர் அச்சிட்ட தாள். கடல் கொண்டுபோன ஒழுங்கை தாளில் அப்படியே இருந்தது. அன்றுதான் தேசப்பட வாசிப்பு எனக்குப் பாடமாக இல்லாமல் வேறொன்றாகத் தெரிந்தது. பரீட்சைக்கு வேண்டிய அடிப்படைகளையும், எங்கள் ஊரை வைத்து நான் கற்றதையும் தங்கைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

பலரும் படத்தின் நடுவைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். நான் இப்போது ஓரத்திலிருந்து தொடங்குகிறேன். தலைப்பு, அளவுத்திட்டம், குறியீடுகளின் விளக்கம், வடக்குக் குறி, அச்சிட்ட ஆண்டு ஆகிய ஐந்தும் அங்கேதான் இருக்கின்றன.

எமது நாட்டின் இடவிளக்கப்படங்களைத் தயாரிப்பது நில அளவைத் திணைக்களம். 1800 ஓகஸ்ட் 2ஆந் திகதி ஆரம்பிக்கப்பட்ட மிகப் பழைய திணைக்களம் அது. 1:50,000 தொடரில் முழு இலங்கையும் 92 தாள்களில் அடங்குகிறது. ஒரு தாள் கிழக்கு மேற்காக 40 கிலோமீற்றரையும் வடக்குத் தெற்காக 25 கிலோமீற்றரையும் காட்டும்.

ஆண்டைப் பார்க்க மறக்க வேண்டாம். படம் என்பது அளந்த நாளின் நிலம். அதற்குப் பிறகு வீதி வரலாம், குளம் தூரலாம், ஒரு ஒழுங்கையே இல்லாமல் போகலாம்.

அளவுத்திட்டம்

1:50,000 என்றால் படத்தில் ஓர் அலகு, நிலத்தில் அதே அலகில் 50,000. ஆகவே 1 சென்ரிமீற்றர் என்பது 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். 1 மில்லிமீற்றர் 50 மீற்றர். இந்த மூன்றும் மனதில் இருந்தால் போதும்.

உம்மாவின் விரல் நின்ற இடத்திலிருந்து கடல் வரை அடிமட்டத்தை வைத்தேன். 4 மில்லிமீற்றர். அதாவது 200 மீற்றர். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து 14 மில்லிமீற்றர். அதாவது 700 மீற்றர்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். முதலாவது, வளைந்த வீதியை அடிமட்டத்தால் நேராக அளப்பது. வீதியின் வளைவுகளோடு தையல் நூலை வைத்து, பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும். இரண்டாவது, பரப்பளவைக் கணிக்கும்போது வருவது. 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்றால், 4 சதுர சென்ரிமீற்றரே ஒரு சதுர கிலோமீற்றர். பலர் இரண்டால் பிரித்துப் புள்ளி இழக்கிறார்கள். நானும் இழந்திருக்கிறேன்.

திசை

படத்தின் மேற்பக்கம் வடக்கு என்று சிறுவயதிலேயே படிக்கிறோம். அது ஒரு வழக்கம் மட்டுமே. அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் புவியியலாளர் சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜருக்காக 1154இல் செய்து முடித்த உலகப் படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. ஆகவே எந்தப் படத்தையும் வடக்குக் குறியைத் தேடிப் பார்த்த பிறகே வாசிக்க வேண்டும்.

படத்தை நிலத்தோடு பொருத்துவது எப்படி? கிழக்குக் கரையில் பிறந்த எங்களுக்குக் கடல் கிழக்கு, வயல் மேற்கு. ஆனால் கண்டிக்கோ பண்டாரவளைக்கோ போனால் கடல் இல்லை. அங்கேயும் பள்ளிவாசல் இருந்தால் திசை அறியலாம். பள்ளிவாசலின் மிஹ்ராப் கிப்லாவைக் காட்டும். எமது நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 24 பாகை திரும்பியது. வடக்கிலிருந்து மணிக்கூட்டுத் திசையில் அளக்கும் திசைகோளாகச் சொன்னால் ஏறத்தாழ 294 பாகை. வடக்குத் தெற்காக ஓடும் வீதியோரத்தில் சில பள்ளிவாசல்களின் ஸப்புகள் சுவருக்குச் சரிவாக இருப்பதன் காரணம் இதுதான். பாகைமானியை எடுத்து 294 பாகையை ஒரு தடவை வரைந்து பாருங்கள். திசைகோள் என்ற கணிதப் பாடமும் விளங்கிவிடும்.

ஆள்கூறு: முதலில் நட, பிறகு ஏறு

படம் முழுவதும் சதுரக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தின் பக்கம் 2 சென்ரிமீற்றர், நிலத்தில் 1 கிலோமீற்றர். நிமிர்ந்த கோடுகளின் இலக்கங்கள் கிழக்கு நோக்கிக் கூடும். கிடைக்கோடுகளின் இலக்கங்கள் வடக்கு நோக்கிக் கூடும்.

நாங்கள் வகுப்பில் பயன்படுத்தும் தாளில் இந்த இலக்கங்களுக்கு ஆதாரம் பிதுருதலாகல. எமது நாட்டின் மிக உயர்ந்த அந்தச் சிகரத்துக்குக் கிழக்கு 200 கிலோமீற்றர், வடக்கு 200 கிலோமீற்றர் என்று பெறுமானம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது எண்ணத் தொடங்கும் பூச்சியம் தீவுக்குத் தென்மேற்கே கடலில் விழும். இலங்கைக்குள் எந்த இடத்துக்கும் மறைப் பெறுமானம் வராது. எங்கள் கரையோரத்தில் 317 என்ற நிமிர்ந்த கோடும் 243 என்ற கிடைக்கோடும் சந்திக்கும் இடம், பிதுருதலாகலவிலிருந்து 117 கிலோமீற்றர் கிழக்கேயும் 43 கிலோமீற்றர் வடக்கேயும் இருக்கிறது. ஒரு சிறு இலக்கம் மலைநாட்டு உச்சியையும் எங்கள் கடற்கரையையும் இணைத்துவிடுகிறது.

ஆள்கூறு எழுதும்போது நூற்றிடத்து இலக்கத்தை விட்டுவிடுகிறோம். 17ஆவது நிமிர்ந்த கோட்டுக்கு வலப்பக்கமும் 43ஆவது கிடைக்கோட்டுக்கு மேலும் உள்ள கட்டம் 1743. இது நான்கு இலக்க ஆள்கூறு. அந்தக் கட்டத்துக்குள் ஓர் இடத்தைச் சரியாகச் சொல்ல, கட்டத்தைப் பத்தாகப் பிரிக்க வேண்டும். கிழக்கே மூன்று பங்கும் வடக்கே ஆறு பங்கும் தள்ளி ஒரு பாடசாலை இருந்தால் அதன் ஆறு இலக்க ஆள்கூறு 173436.

எது முதலில் என்று குழம்பினால் மாடி வீட்டை நினையுங்கள். முதலில் மண்டபத்தில் நடந்து போய்த்தான் படியில் ஏறுவோம். முதலில் கிழக்கே நட, பிறகு வடக்கே ஏறு.

கிழங்கில் சமவுயரக் கோடு

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது சமவுயரக் கோடு. 1:50,000 படத்தில் கபில நிறத்தில் 20 மீற்றருக்கு ஒரு கோடு இருக்கும்.

இதைத் தம்பிக்கு விளக்க ஒரு வத்தாளங்கிழங்கை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பலகையில் கவிழ்த்து வைத்தேன். அது மலை. நடுவில் ஓர் ஈர்க்கைக் குத்தி, கீழிருந்து மேலாக ஒரே தடிப்பில் நான்கு துண்டுகளாக வெட்டினேன். அடித்துண்டைக் கடதாசியில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்தேன். பிறகு ஈர்க்குத் துளையை அதே இடத்தில் வைத்து அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று வரைந்தேன். கடதாசியில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கோடுகள் வந்தன. கிழங்கின் சரிவான பக்கத்தில் கோடுகள் விலகியும், செங்குத்தான பக்கத்தில் நெருங்கியும் இருந்தன. தம்பிக்கு விளங்கியது. எனக்கும் அன்றுதான் உண்மையில் விளங்கியது. துண்டுகளை உம்மா கறிக்குப் போட்டுவிட்டார்.

கோடுகள் வளையும் விதமும் பேசும். ஆற்றை வெட்டும் இடத்தில் கோடு கூராக வளைந்து ஆறு வரும் பக்கத்தை, அதாவது மேட்டைக் காட்டும். மலையிலிருந்து நீண்டு இறங்கும் மேட்டில் கூர் பள்ளத்தை நோக்கி இருக்கும். உச்சிப் பக்கம் நெருங்கி அடிவாரத்தில் விலகினால் குழிவுச் சாய்வு. உச்சிப் பக்கம் விலகி அடிவாரத்தில் நெருங்கினால் குவிவுச் சாய்வு.

சாய்வை இலக்கத்திலும் சொல்லலாம். 100 மீற்றர் கோட்டுக்கும் 200 மீற்றர் கோட்டுக்கும் இடையில் படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால், 1000 மீற்றர் நடக்கும்போது 100 மீற்றர் ஏறுகிறோம். சாய்வு விகிதம் 1:10. அதே ஏற்றம் 4 மில்லிமீற்றருக்குள் வந்தால் 200 மீற்றருக்கு 100 மீற்றர், அதாவது 1:2. அது வீடு கட்ட யோசிக்க வேண்டிய நிலம்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியது. கோடுகள் நெருங்கிய எல்லா இடமும் சரிவதில்லை. மண், பாறை, நீர் வடியும் விதம், நிலப் பயன்பாடு என்று பல காரணங்கள் சேர வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரிக்கிறது. மலைநாட்டில் உறவினர் உள்ளவர்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள்.

கோடில்லாத கரை

இனி எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் ஊரைக் காட்டும் கட்டங்களில் ஒரு சமவுயரக் கோடுகூட இல்லை. கடலிலிருந்து வயலைத் தாண்டி வெகுதூரம் வரை கோடே இல்லாத நிலம். முன்பென்றால் "தட்டையான நிலம்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருப்பேன்.

யோசித்துப் பாருங்கள். முதல் கோடு 20 மீற்றரில் வருகிறது. கோடு இல்லை என்றால் முழு ஊரும் 20 மீற்றருக்குக் கீழே என்று பொருள். அதற்குள் ஓர் இடம் 1 மீற்றரா, 5 மீற்றரா, 15 மீற்றரா என்று கோடுகள் சொல்லாது. கோடில்லாத இடம் செய்தி இல்லாத இடமல்ல. ஓடி ஏற மேடு இல்லை என்பதே அந்தச் செய்தி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அருகில் கடலடியில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து அலை எங்கள் கரைக்கு வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். உம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. "கடல் வருது" என்று சத்தம் கேட்டதும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வீதியால் வடக்கே ஓடியிருக்கிறார். அந்தப் பக்கம்தான் அவருடைய மாமி வீடு. கடலுக்குச் சமாந்தரமான வீதி அது. ஒரு மாடி வீட்டுப் படியில் யாரோ உம்மாவைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். தங்கையின் கை அதற்கு முன்பே விடுபட்டுவிட்டது. நான் காணாத அந்தச் சாச்சிக்குப் பதினொரு வயது.

உம்மா படத்தில் அந்த வீதியை விரலால் தடவிவிட்டு, மேற்கே போகும் ஒழுங்கையையும் தடவினார். "அண்டைக்கு இதால ஓடியிருந்தா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த நாளில் சுனாமி என்ற சொல்லையே எங்கள் ஊரில் பலர் கேட்டதில்லை. பழகிய வீட்டை நோக்கி ஓடுவது எவருடைய பிழையும் அல்ல. எந்த அளவுத்திட்டத்திலும் அதற்கு விடை எழுத முடியாது. ஆனால் அடுத்த தடவைக்கு விடை எழுதலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் போட்ட கணக்கு

சுனாமியின்போது கடலுக்குச் சமாந்தரமாக ஓடக்கூடாது. கடலை விட்டு உள்ளே போகும் வீதியைப் பிடிக்க வேண்டும். நேரம் இல்லையென்றால் உறுதியான உயர்ந்த கட்டடத்தில் ஏற வேண்டும். இந்த இரண்டையும் படத்தில் தேடினேன்.

எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஊர் முடியும் இடம் நேர்தூரத்தில் 18 மில்லிமீற்றர், அதாவது 900 மீற்றர். நூலை வைத்து வீதி வழியே அளந்தபோது 22 மில்லிமீற்றர், அதாவது 1.1 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை பின்னேரம் தம்பியோடு நடந்து பார்த்தேன். 15 நிமிடம் எடுத்தது. வழியில் ஒரு சிறு பாலம் இருக்கிறது. படத்திலும் அது இருக்கிறது. அந்த ஒடுங்கிய பாலத்தில் எல்லாரும் வாகனத்தோடு வந்தால் அடைத்துவிடும் என்று தம்பிதான் சொன்னான்.

எங்கள் உம்மம்மா தடி ஊன்றி நடப்பவர். அவருக்கு 1.1 கிலோமீற்றர் முடியாது. அடுத்த வீதியில் உள்ள இரண்டு மாடிக் கட்டடம் படத்தில் 5 மில்லிமீற்றர், அதாவது 250 மீற்றர். அவரோடு மெதுவாக நடந்தோம். இடையில் இரண்டு தடவை நின்று 12 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். படியேற இன்னும் கொஞ்ச நேரம்.

திரும்பி வரும்போது, "எல்லாத்துக்கும் மேற்காலதான் ஓடணும்" என்று தம்பி சொன்னான். உம்மம்மா மறுத்தார். "கடல் வந்தா மேற்கால போ. மாரி வெள்ளம் வயல் பக்கத்தாலதான் வாற. அப்ப கடக்கரைப் பக்கம் வா. அது மணல் மேடு, தண்ணி நிக்காது" என்றார். வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தேன். சமவுயரக் கோடு அதைச் சொல்லவில்லை. ஆனால் குறியீடுகள் சொல்லியிருக்கின்றன. மேற்கே வயலும், நீல நிறத்தில் வாய்க்கால்களும் நீர்நிலைகளும். கிழக்கே தென்னையும் வீடுகளும். நீர் நிற்கும் இடத்தில் வயல், நீர் வடியும் மணலில் தென்னை. கோடு இல்லாத இடத்தில் நிறத்தையும் குறியீட்டையும் கொண்டு பள்ளத்தையும் மேட்டையும் வாசிக்க வேண்டும் என்பதை உம்மம்மாவிடம்தான் கற்றேன்.

தங்கைகளுக்கும் பெற்றோருக்கும்

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு எமது நாட்டில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் உள்ளன. அவர்கள் "போங்கள்" என்று சொல்வார்கள். எந்த ஒழுங்கையால், யாரைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நிமிடத்தில் என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது நல்ல உதவிதான். ஆனால் மின்சாரமும் சமிக்ஞையும் இல்லாத நேரத்தில் மனதில் உள்ள படம்தான் கைகொடுக்கும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தேசப்படத்தை விரித்தால் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருங்கள். பழைய ஒழுங்கைகளும், வெள்ளம் வந்த வழிகளும் உங்களுக்குத்தான் தெரியும். தங்கைகளே, பரீட்சைக்கு முன் ஒரு தடவை உங்கள் ஊர்ப் படத்தில் வீட்டைத் தேடுங்கள். கடலோ ஆறோ மலையோ எவ்வளவு தூரம் என்று அளந்து, நடந்து பாருங்கள். அதற்குப் பிறகு வேறெந்த ஊர்ப் படம் வினாத்தாளில் வந்தாலும், அங்கேயும் ஒரு வீட்டில் ஓர் உம்மம்மா இருக்கிறார் என்ற நினைவோடு வாசிப்பீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பிரதி இப்போது மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மேற்கே போகும் வீதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடும், இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு வட்டமும் இருக்கின்றன. உம்மம்மாவைக் கூட்டிப் போவது வாப்பாவின் பொறுப்பு, தம்பியின் கை என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். அல்லாஹ் அப்படியொரு நாளை மீண்டும் தராமல் இருக்கட்டும். கடலோரத்து மெல்லிய பாதையில் உம்மா எதையும் வரைய விடவில்லை. அது அச்சிட்டபடியே இருக்கிறது.

க.பொ.த. (உயர்தரம்), கலைப்பிரிவு